அடி கட்டாத வலை

முகத்துவாரக் குப்பம்,
பழவேற்காடு வழி.
1978 ஆனி மாதம்.

மகாகனம் பொருந்திய மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மருமகள் செல்வி பணிந்து எழுதிக்கொண்டது.

முதலில் என் கண்ணில் பட்டது, அந்த வலைக்கு அடி இல்லை என்பதுதான்.

சேமலாபம் கேட்காமல் வலையில் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். இவ்விடம் அம்மா, நைனா, அண்ணன், நான், போன தடவை தாங்கள் தடவிக்கொடுத்த சினை ஆடு (இப்போது இரண்டு குட்டி) எல்லாரும் சவுக்கியம். அவ்விடம் தாங்களும் கெங்கம்மாள் அத்தையும் சவுக்கியமாக இருக்கவும், விசாகப்பட்டணம் துறைமுகத்தில் தங்கள் கிரேன் எந்தக் கப்பலிலும் இடிக்காமல் இருக்கவும் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஏழாவதோடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் அத்தையிடம் காட்ட வேண்டாம். இந்தக் கடிதம் எழுதுவது நைனாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் தெரியாது என்று எழுதச் சொன்னாள்.

விஷயம் இதுதான். கலியன் அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை நிலைக்குமா, அல்லது ஆடி பிறந்ததும் பாடு சீட்டில் நைனா அதன் பேரைச் சேர்த்துவிடுவாரா? ஏரியில் எந்த ஊட்டுக்காரர் எந்தப் பாட்டில், அதாவது எந்த இடத்தில், வலை கட்டுவது என்று குலுக்கிப் போடுகிற சீட்டில் ஒருமுறை பேர் ஏறிவிட்டால், ஆள் வெளியே போகக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாதது இல்லை. நைனா ஒருத்தர் பேச்சைக் கேட்பார் என்றால் அது தங்கள் பேச்சு. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு லீவு போட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும்.

அண்ணனைக் கம்பெனியில் எடுத்ததே கூடைப்பந்துக்காகத்தான். பொன்னேரி ஹைஸ்கூலில் அது ஆடினதைப் பார்த்து வைத்திருந்த பூவராகவன் சார்தான் எடுத்தார். சாருக்கு டைம் ஆபீசில் வேலை, சாயங்காலம் ஆனால் கம்பெனி டீமுக்கு வாத்தியார். எடுத்தது கேஷுவலாக. கேஷுவல் என்றால் நம்ம முகத்துவாரம் மாதிரி, இன்றைக்குத் திறந்திருக்கும், நாளைக்கு மணல் மூடிவிடும். டீமில் அண்ணனுக்கு பார்வர்டு என்று பேர். அப்படின்னா இன்னா வேலை என்று கேட்டேன். "எல்லா வேலையும்தான் செல்வி. பந்தைக் கொண்டாரலாம், குடுக்கலாம், தூரத்துல இருந்து போடலாம், கிட்டப் போயி போடலாம், எதிராளி போடறதைத் தட்டலாம். நாலு பக்கமும் ஓடிக்கினே இருப்பேன்" என்று மணலில் நண்டு ஓடின மாதிரி கோடு போட்டுக் காட்டியது. அப்படி இருக்கும்போது, டீமில் கூடைக்குக் கீழே நிற்கிற நெட்டை ஆள் ஒருத்தர் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். உடனே சார் அண்ணனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அதற்கு சென்டர் என்று பேர். அங்கே ஓடக் கூடாது, நிற்க வேண்டும். கண்ணால் ஆடக் கூடாது, முதுகால் ஆட வேண்டும். "முதுகுல ஒருத்தன் சாஞ்சிக்கினே இருப்பான், நான் மதிலு மாதிரி நிக்கணும், பேஜாரா கீது" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் சார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்: "ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர் கம்பெனியோட மேட்ச். அந்த எடத்துக்கு நீ சரிப்பட்டா பர்மனென்டுக்கு எழுதறேன். சரிப்படலைன்னா என்னைக் கேக்காத."

இதைக் கேட்டதும் நைனா, "சரிப்படாது, நானே போயி கையோட கூட்டியாந்துடறேன்" என்று கிளம்பிவிட்டார். கூட சாட்சிக்கு, நம்ம பாடு பஞ்சாயத்து தலைவர் திருமலை பெரியப்பா. சாருக்குக் கொடுக்க இறால் பொடி டப்பாவோடு அம்மா. அம்மாவுக்குத் துணைக்கு நான். படகு, பஸ், ரயில் என்று ஏறி இறங்கி, புதிதாய்க் கட்டின கம்பெனிகளுக்கு நடுவே நடந்தோம் மாமா. ஒவ்வொரு கம்பெனி மதிலும் நம்ம குப்பத்தைச் சுற்றி வளைத்தாலும் மிச்சமாகும். ஆட்டம் நடக்கிற இடம் முழுக்க சிமெண்டுத் தரை. ஒரு பொட்டு மணல் இல்லை, ஒரு கிளிஞ்சல் இல்லை, வாரிச் சுத்தம் பண்ணின சோற்றுத் தட்டு மாதிரி இருந்தது. அதில் நிற்கவே எனக்குக் கூச்சமாகி செருப்பைக் கழற்றிவிட்டேன். இரண்டு கோடியிலும் கம்பம், கம்பத்தில் பலகை, பலகையில் இரும்பு வளையம், வளையத்தில் வலை. பருத்தி நூல். ஒரு பக்கம் கிழிசல். மீன் போய்த் தங்குகிற மடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல், குழந்தைப் பாவாடை மாதிரி திறந்து தொங்கியது. பாதியில் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் துளசிராமன் என்று ஒருத்தர், எங்க டீமுக்கு கேப்டன், நல்ல அகலம், பந்தைத் தூக்கிப் போட்டார். அது உள்ளே போய் கீழே விழுந்தது, எல்லாரும் கை தட்டினாங்க. அப்போதான் எனக்குப் புரிந்தது, இது பிடிக்கிற வலை இல்லை, விடுகிற வலை.

எனக்குப் புரிந்தது நைனாவுக்குப் புரியவில்லை, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். எங்க டீம் பந்து போடுகிற கம்பத்துக்குப் பக்கத்திலேயே நைனாவும் பெரியப்பாவும் குந்திக்கொண்டார்கள். அண்ணன் கூடைக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தது. திருவொற்றியூர் நெட்டை ஆள் ஒருத்தன் அதன் முதுகிலே சாய்ந்துகொண்டே இருந்தான். அவன் இடிக்கிறதும் இது நகர்கிறதும், இது நின்றால் அவன் முட்டுகிறதுமாக இருந்ததைப் பார்த்து, இதுவரை வாய் திறக்காத திருமலை பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். விசில் வைத்திருந்த அம்பயரைப் பிடித்து, "நிறுத்துப்பா. இது யாருக்கு வுழுந்த பாடு? ஒரே எடத்துல ரெண்டு பேரு நின்னா சண்டைதான் வரும். சீட்டு எங்க?" என்றார். அம்பயர், "யோவ், இன்னா சீட்டு? கோட்டுக்கு வெளிய போய்யா" என்றார். பெரியப்பா, "கோடு போட்டவன் யாரு, அவனைக் கூப்பிடு" என்றார். அண்ணன் அந்த நேரத்திலே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமா, அதன் காது ரெண்டும் செவந்துபோனது அம்மாவோடு மறுகோடியில் நின்ற எனக்கே தெரிந்தது. பூவராகவன் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பாதி ஆட்டம் ஆனதும் எல்லாரும் சோடா குடிக்க கேன்டீன் பக்கம் போய்ட்டாங்க. நைனா அந்த வலையையே அண்ணாந்து பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் பெரியப்பாகிட்ட, "பாத்தியா, புள்ள அவ்ளோ கஷ்டப்பட்டுப் போடறான், போட்டதெல்லாம் ஊத்திக்குது. பேரு கூடைப்பந்தாம். அடியில்லாத கூடையில எவண்டா மீனு வாங்குவான்? இதுல எப்படிப் பர்மனென்ட் ஆவறது?" என்றாரு. நைனா எங்கே போனாலும் இடுப்பிலே வலை ஊசியும் நைலான் நூலும் இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். தார் டிரம்மை உருட்டி வந்து, அது மேலே கேன்டீன் பெஞ்சைப் போட்டு, ஏறிட்டாரு. நான் ஓடிப்போய் சொல்லணும். வேணாம் நைனா, அது அப்படித்தான் இருக்கணும் நைனா என்று சொல்லணும். ஆனா சுத்தி முழுக்க ஆம்பளைங்க மாமா, பேண்ட்டு போட்ட ஆம்பளைங்க. அம்மா முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன். அம்மா, "இரு, உங்க நைனா வேலை செய்யுறாரு பாரு, நாலு பேரு பாக்கட்டும்" என்றா. திருவொற்றியூர் ஆள் ஒருத்தர் டிரம்மைக்கூட பிடிச்சிக்கினாரு. "மெயின்டனன்ஸா?" என்று கேட்டாரு. அந்த வார்த்தை இன்னான்னு தெரியாத பெரியப்பா, "ஆமா, பரம்பரையா" என்றாரு. நைனா கிழிசலைத் தைச்சாரு. அதோட இறங்கியிருக்கலாம். வேலையை அரைகுறையா விடற வழக்கம் நம்ம வூட்டுல இல்லையே, அடியைச் சேர்த்து சுருக்கி, மடி மாதிரி இறுக்கி, ரெட்டை முடிச்சா போட்டு, பல்லாலே கடிச்சு இழுத்துப் பார்த்துட்டுத்தான் இறங்கினாரு.

பாதி ஆனதும் பக்கம் மாத்திக்குவாங்களாம். இது எனக்கும் தெரியாது. நைனா கட்டின வலை இப்போ எதிராளி போடற வலையா ஆயிடுச்சு. அண்ணன் அதைக் காவல் காக்க கீழே நின்னுது. திருவொற்றியூர் நெட்டை ஆள் பந்தைப் போட்டான். உள்ளே போச்சு. கீழே வரல.

மாமா, அப்போ நீங்க பாத்திருக்கணும். எல்லாரும் தரையைப் பாக்கிறாங்க, அப்புறம் அண்ணாந்து பாக்கிறாங்க. பந்து வலைக்குள்ளே, தூளியிலே தூங்கற குழந்தை மாதிரி குந்தியிருக்கு. நைனா மட்டும் எழுந்து, "ஆங், இப்ப புடிச்சிதா!" என்று கை தட்டினாரு. அம்பயர் ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரிச்சு, பந்து மேலேயிருந்து உள்ளே போயி வெளிய வந்தாலும் கணக்கு, உள்ளேயே தங்கிட்டாலும் கணக்கு என்று படிச்சுக் காட்டினாரு. எங்க நைனா மாதிரி ஒருத்தர் வருவாருன்னு எந்தச் சீமையிலேயோ குந்திக்கினு முன்னாடியே நினைச்சு எழுதி வெச்சிருக்காங்க பாருங்க! எனக்கு மெய் சிலிர்த்துப்போச்சு. அப்புறம் அம்பயரே டிரம் மேலே ஏறி நகத்தாலே முடிச்சைப் பிரிச்சுப் பாத்தாரு. நைனா முடிச்சு, நகத்துக்கா வரும்? "பிளேடு இருக்கா, அறுத்துடலாம்" என்றாரு. அவ்ளோதான். "அறுக்கறதா? எவண்டா அவன் அறுக்கறவன்? நான் இப்பதான கட்டினேன்!" என்று நைனா கோட்டைத் தாண்டி உள்ளே நின்னாரு. பூவராகவன் சார் அண்ணனைப் பாத்து, "இவரு யாரு கலியா?" என்று கேட்டாரு. நான் கண்ணை மூடிக்கினேன். தெரியாதுன்னு சொல்லிடு அண்ணா, வேலை போயிடும், தெரியாதுன்னு சொல்லிடுன்னு மனசுலே சொல்லிக்கினேன். அண்ணன் வலையைப் பாத்துது, முடிச்சைப் பாத்துது, நைனாவைப் பாத்துது. "எங்க நைனா சார். வலை நல்லா கட்டுவாரு" என்று சொல்லிச்சி.

சாரு வாட்சைப் பாத்தாரு. பொழுது வேற சாய்ஞ்சிக்கினு இருந்துச்சு, அங்கே விளக்கு கிடையாது. துளசிராமனும் எதிராளி கேப்டனும் பேசி, அறுக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம், ஒவ்வொரு தபாவும் யாராவது கீழேயிருந்து பந்தைக் குத்தி எடுத்துட்டு ஆட்டத்தை நடத்தலாம்னு முடிவு பண்ணாங்க. யாரு எடுக்கிறது? திருவொற்றியூர் நெட்டை ஆள் குதிச்சான், விரல் நுனி பட்டுது, பந்து அசையல. துளசிராமன் குதிச்சாரு, தரைதான் அதிர்ந்துச்சு. அப்போ எங்க அண்ணன் ரெண்டு அடி பின்னாடி போச்சு.

இதை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல மாமா. ஏரியிலே மடவை மீன் துள்ளும் பாத்திருக்கீங்க இல்ல, வலை சுத்தி வர்றது தெரிஞ்சா தண்ணியை விட்டு எழும்பி, ஒரு நொடி அப்படியே நிக்குமே, வெயில் பட்டு வெள்ளியா, அந்த மாதிரி. அண்ணன் எழும்பிச்சி. எழும்பினது இறங்கவே இல்லை. மேலேயே இருந்து, முஷ்டியாலே அடியிலே ஒரு குத்து குத்திச்சி. பந்து வளையத்துக்கு மேலே எகிறி, இந்தப் பக்கம் விழுந்துச்சு, அண்ணன் இறங்கி வந்து அதைக் கையிலே வாங்கிச்சி. கைதட்டு எழும்ப நேரமாச்சு, ஏன்னா எல்லாரும் வாயைத் திறந்துக்கினு இருந்தாங்க. எங்கூட வளர்ந்த அண்ணன்தான். என் தலையிலே குட்டினவன்தான். ஊட்டுக்குள்ளே நிமிர்ந்தா உத்திரத்திலே இடிச்சிக்கும்னு குனிஞ்சே நடக்கிறவன். அவ்ளோ உயரம் உள்ளே இருந்திருக்கு, எங்க யாருக்கும் தெரியல.

அதுக்கப்புறம் ஆட்டமே மாறிப்போச்சு. திருவொற்றியூர்காரன் போடறதும், அண்ணன் குதிச்சு எடுக்கிறதும், எடுத்ததும் வெளிக்கோட்டிலேயிருந்து துளசிராமனுக்குக் குடுத்து வாங்கி, தானே அந்தக் கோடி வரைக்கும் கொண்டுபோறதும். சாரு, "நில்லு கலியா, நில்லு, உன் எடம் இதுடா!" என்று கத்திக்கினே இருந்தாரு. அண்ணன் ஒரு தபா நிக்கும், மறு தபா ஓடிடும். இதுக்கு நடுவிலே ஒரு கூத்து. அண்ணன் குதிக்கிறதைப் பாக்கணும்னு எங்க கம்பெனி ஆளுங்களே எதிராளி பந்து போடணும்னு ஏங்க ஆரம்பிச்சுட்டாங்க. "போடுப்பா, போடுப்பா" என்று திருவொற்றியூர்காரனை உசுப்பறாங்க! அம்மாகூட அவன் குறி தப்பினப்போ "அடடா" என்றா. கடைசியிலே கொஞ்சத்திலே எங்க டீம் தோத்துப்போச்சு, யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியல, சார் ஒருத்தரைத் தவிர. அம்மா பயந்துக்கினே இறால் பொடி டப்பாவை நீட்டினா. சார் வாங்கிக்கினு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாரு.

ரயில் பொன்னேரி வந்துச்சு. இறங்கினதும் நைனா, "குதிக்கிறான், நல்லாத்தான் குதிக்கிறான். ஆனா ஒரே எடத்துல நிறுத்தி வெச்சிட்டானுங்களே. இங்க நமக்கு சீட்டு முறை கீது, இந்த வருசம் ஆழம்னா அடுத்த வருசம் ஓரம், எல்லாரும் எல்லா எடத்துலயும் வலை போடலாம். ஆயுசுக்கும் ஒரே பாட்டுல நிறுத்தினா எவன் பொழைப்பான்? டப்பு குடுத்தா மட்டும் ஆச்சா? ஆடிக்குள்ள வந்துடணும்" என்றாரு. பெரியப்பா தலையாட்டிட்டாரு.

ஆகையால் மாமா, தாங்கள் அவசியம் வர வேண்டும். வந்து நைனாவிடம், கலியனுக்கு ஏற்ற இடம் கூடைக்குக் கீழேதான், அங்கே நிற்கத்தான் அவன் பிறந்திருக்கிறான், பூவராகவன் சார் சொல்வதே சரி என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் அண்ணன் நிற்காவிட்டால் அந்தக் குதிப்பை உலகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. இதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. சாரும் இதையேதான் எழுதப்போகிறார், நைனாதான் குறுக்கே நிற்கிறார்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தாங்களும் அத்தையும் எங்கள் எல்லாருக்கும் அங்கிருந்தே கை தூக்கி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். ஆட்டுக்குட்டிகளுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் பாதம் பணியும் மருமகள்,
செல்வி.

பின்குறிப்பு: பழவேற்காடு தபாலாபீசுக்குப் போகிற ஆள் கிடைக்காமல் கடிதம் இரண்டு நாளாக அரிசிப் பானைக்கு அடியிலேயே இருந்தது. அதற்குள் அண்ணன் வந்துவிட்டது. மேலே எழுதினதையெல்லாம் படிக்காதது மாதிரி வைத்துக்கொள்ளவும். பூவராகவன் சார் அண்ணனைக் கூப்பிட்டு, "கலியா, நீ அந்த எடத்துக்கு லாயக்கில்ல. குதிக்கிற, சரி. குதிச்சு இறங்கினதும் நிக்க மாட்டேங்கற, ஓடிடற. ஓடிப்போய் பண்ணதெல்லாம்தான் நமக்குக் கெடைச்ச பாயிண்டு. உன்னை அங்க நிறுத்தினது என் தப்பு. கீழ துளசிராமன் நிக்கட்டும், அவன் நிறுத்தின எடத்துல நிப்பான். நீ பழையபடி ஓடு" என்றாராம். பர்மனென்டுக்கு எழுதிவிட்டாராம். இறால் பொடி நன்றாக இருந்ததாம்.

நைனா ரொம்ப நேரம் வெற்றிலையை மென்றார். "அப்ப ஒரே எடத்துல நிக்க வெக்கலயா?" என்றார். "இல்ல நைனா." "எல்லா எடத்துக்கும் போலாமா?" "போலாம்." "போனா யாரும் சண்டைக்கு வர மாட்டானே?" "வருவான். ஆனா அம்பயர் இருப்பாரு." நைனா துப்பிவிட்டு வந்து, "அப்ப சரி, இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? திருமலைகிட்ட சொல்லிடு, சீட்டுல இவன் பேரு வாணாம்" என்று அம்மாவிடம் சொன்னார். தாங்கள் வர வேண்டியதில்லை மாமா, வந்தால் சந்தோஷம்.

அப்புறம், "அந்த வலைய அறுத்துட்டானுங்களா?" என்று கேட்டார். "அறுத்துட்டாங்க நைனா, ரெண்டு பிளேடு உடைஞ்சுது" என்று அண்ணன் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டே, "செல்வி, அண்ணன் கம்பெனிக்கு நைலான்ல ஒண்ணு பின்னிக் குடு. மடி வெக்காத" என்றார்.

நான் ஊசியில் நூல் ஏற்றி, வலையின் வாயிலிருந்து ஆரம்பித்து, கண்ணி கண்ணியாக இறக்கிக்கொண்டு வந்து, அடியைக் கட்டாமல் விட்டேன்.